என் கடைச் சாவி சீபுவில் இருக்கிறது

முகம் தெரியாத ஒருவரிடம் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் வியாபாரம் பார்க்கிறாரா அல்லது கடையையே காலி பண்ணுகிறாரா என்று இங்கிருந்தபடி எட்டி எட்டிப் பார்ப்பதற்குப் பெயர்தான் இணைய வியாபாரம். ஏதோ ஒரு நாட்டில் தன் வீட்டில் இருந்தபடியே நமக்கு மணிக்கணக்கில் வேலை செய்து தருபவர்களை ஃபிரீலான்ஸர் என்கிறார்கள். அப்படி ஆள் வைத்துப் பார்த்தவர்கள், வைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத் தூக்கம் கெட்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்களிடம்தான் இதைச் சொல்லி அழ முடியும்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து நான் கறுவாப் பட்டை, மிளகு, கராம்பு, சாதிக்காய், கித்துள் பனையில் காய்ச்சிய பாணி எல்லாம் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறேன். கடை என்று சொன்னாலும் அதற்குக் கதவும் இல்லை, கல்லாவும் இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். வாங்கியவர்கள் வருஷக்கணக்காக அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் நல்ல வார்த்தைகள்தான் என் முதல். அதன் கடவுச்சொல்லை யாராவது கொண்டுபோய்விட்டால் மறுநிமிஷம் கடை அவனுடையது. பொலிஸில் போய் எந்தக் கதவை உடைத்தார்கள் என்று சொல்வது?

என் கணவர் சிவகுமார் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க். அவர் எல்லோரையும் நம்புவார். நான் ஒருவரையும் நம்ப மாட்டேன். இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. எங்களைப் போன்ற கண்டி வியாபாரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு நிற்பவர் எத்தனை வருஷம் நின்றாலும் கடைக் கதவை இழுத்துச் சாத்த மட்டும்தான் செய்வார். பூட்டுவதும் சாவியை இடுப்பில் செருகுவதும் வீட்டு ஆள்தான். நானும் அந்த வழக்கத்தில் வந்தவள். ஆனால் என் வாடிக்கையாளர்கள் கனடாவிலும் லண்டனிலும் மெல்பனிலும் இருக்கிறார்கள். நான் தூங்கும்போது அவர்கள் கேள்வி கேட்கிறார்கள். நான் எழும்புவதற்குள் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே ஆள் தேட வேண்டியதாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது.

எங்கள் மேசை இத்தாலிக்குப் போன கதை

முதலில் தேடியது, பொருட்களின் படங்களை அழகுபடுத்தித் தர ஓர் ஆள். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் ஐரோப்பாவில் இருப்பதாக எழுதியிருந்தார். தான் முன்பு செய்த வேலைகளையும் மாதிரிக்கு அனுப்பினார். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. அதில் ஒரு கறுவாக் கட்டுப் படம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பார்க்கப் பார்க்க எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கினேன். கறுவாக் கட்டுக்குப் பக்கத்தில் மேசையில் அரைவட்டமாக ஒரு கருகல் தெரிந்தது. என் கணவர் ஒரு நாள் கொதிக்கிற சட்டியை இறக்கி அப்படியே மேசையில் வைத்ததால் வந்த கருகல் அது. அந்தக் கருகலோடுதான் நாங்கள் தினமும் சாப்பிடுகிறோம். நான் எடுத்து என் பக்கத்தில் போட்ட படத்தை எடுத்து, எனக்கே மாதிரி என்று அனுப்பியிருக்கிறார் மனிதர். கோபத்தை அடக்கிக்கொண்டு, படம் நன்றாக இருக்கிறதே, எங்கே எடுத்தது என்று கேட்டேன். இத்தாலியில், ஒரு பழைய பண்ணை வீட்டில் என்றார். அந்த வீட்டுக்காரருடைய பெயர் என்ன, நானும் அவரிடம் உங்களைப் பற்றி விசாரிக்கலாமா என்று கேட்டேன்.

கொஞ்சம்கூடத் தயங்காமல் பதில் வந்தது: "மன்னிக்கவும் மேடம், அந்த வாடிக்கையாளர் மிகவும் சந்தேகப் பேர்வழி, அவருடைய பெயரை வெளியில் சொன்னால் கோபப்படுவார்."

பேசுவதற்கு ஒருவர், வேலைக்கு ஒருவர்

அடுத்ததாக, வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுத ஓர் இளைஞரை இணையம் வழியாகவே நேர்முகம் கண்டேன். ஆங்கிலம் தேன் மாதிரி ஓடியது. மிளகுக்கும் வால்மிளகுக்கும் வித்தியாசம் கேட்டேன், சொன்னார். கோபத்தோடு வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கே கோபம் தணிந்துவிட்டது. கேமரா கெட்டுவிட்டது என்று முகத்தை மட்டும் காட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஆனாலும் வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் வேலைக்கு வந்தவர் எழுதிய பதில்களில் நேற்றைய தேன் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒரு லண்டன்காரர் கராம்பு பழையதா புதியதா என்று கேட்டதற்கு, ஆம் என்று பதில் போயிருந்தது. உடனே அழைத்தேன். எடுத்த குரலே வேறு. நேற்றுக் கேட்டது கனத்த குரல், இது கீச்சுக்குரல். சளி, தடிமன் பிடித்திருக்கிறது என்று சமாளித்தார். தடிமன் பிடித்தால் குரல் கட்டிப் போகும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன், மெலிந்துபோனதாகக் கேள்விப்படவில்லை என்றேன். வால்மிளகைப் பற்றி மறுபடியும் கேட்டேன். அந்தப் பக்கம் யாரோ கிசுகிசுப்பது கேட்டது.

கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார், அதுவும் கொஞ்சம் பெருமையாகவே: "நேற்று உங்களோடு பேசியவர் எங்கள் நேர்முகப் பிரிவு, மேடம். நான் வேலைப் பிரிவு."

கணவருக்கு அளவாக இருந்த கராம்பு

இதற்கிடையில் ஒருவர் தானாகவே தேடி வந்தார். என் பக்கத்தில் நல்ல வார்த்தைகள் போதாது என்றும், தன் ஆட்கள் வாங்கியவர்களைப் போல எழுதிக் குவித்துத் தருவார்கள் என்றும் சொன்னார். பொய்யாக எழுதச் சொல்வதற்கு எனக்கு மனம் வராது. ஆனால் எங்கள் வியாபாரத்தில் யார் யார் இப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாரை விட்டது? மாதிரிக்கு ஒன்றை அனுப்பச் சொன்னேன்.

கராம்புக்கு அவர் எழுதி அனுப்பியது இதுதான்: துணி மிருதுவாக இருக்கிறது, என் கணவருக்கு அளவாக இருந்தது, இரண்டு தடவை தோய்த்தும் நிறம் போகவில்லை. நான் விற்பது கராம்பு, போட்டுக்கொள்கிற சேட்டு அல்ல என்று எழுதினேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது.

"பிரச்சினை இல்லை மேடம், கணவர் என்பதை மட்டும் எடுத்துவிடுகிறேன்."

விளம்பரத்தில் ஒளித்த ஈரப்பலா

அதற்குப் பிறகு நானும் கெட்டிக்காரியாகிவிட்டேன். வேலை விளம்பரத்தின் நடுவில், யாரும் கவனிக்காத இடத்தில், விண்ணப்பத்தின் முதல் வரியில் இந்தச் சொல்லை எழுதவும் என்று ஒரு வரியைச் செருகிவிடுவேன். விளம்பரத்தை முழுவதும் வாசித்தவர்தான் அதை எழுதுவார். எல்லோருக்கும் ஒரே விண்ணப்பத்தை வீசுகிறவர்கள் அதிலேயே அகப்பட்டுவிடுவார்கள். இந்தத் தந்திரத்தை நான் கண்டுபிடிக்கவில்லை, எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நான் சேர்த்துக்கொண்டது ஒன்றுதான்: யாரும் திருடிவிடக் கூடாது என்று ஒவ்வொரு விளம்பரத்துக்கும் சொல்லை மாற்றுவேன். ஒரு முறை றம்புட்டான், ஒரு முறை வல்லாரை, ஒரு முறை முருங்கை. அந்த முறை, நாங்கள் கறி வைக்கிற ஈரப்பலாக் காயின் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டேன்.

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றில் ஈரப்பலா வாசனையே இல்லை. ஒன்றின் முதல் வரியில், இந்த இடத்தில் அவர்கள் கேட்ட சொல்லை இடவும் என்று இருந்தது. மெஷினிடம் எழுதச் சொல்லிவிட்டுத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு விண்ணப்பம்தான் ஒழுங்காக வந்தது. பிலிப்பைன்ஸில் சீபு என்ற ஊரில் இருந்து மேரிசெல் என்ற பெண் எழுதியிருந்தாள். இவ்வளவு ஒழுங்காக ஓர் ஆள் வந்தால் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது. என் கணவரிடம் காட்டினேன். நல்ல பிள்ளை மாதிரி தெரியுது, எடு என்றார். அவர் எல்லோரையும் பார்த்து அப்படித்தான் சொல்வார்.

அவள் எழுதியிருந்தது இதுதான்: "ஈரப்பலா. அது என்னவென்று தேடிப் பார்த்தேன், எங்கள் ஊரிலும் இருக்கிறது. நான் முழுவதும் வாசித்தேனா என்று பிடிப்பதற்குத்தானே இதை ஒளித்து வைத்தீர்கள்?"

வேவு பார்த்தவளை வேவு பார்த்தது

மேரிசெல்லை எடுத்தேன். எடுத்தேன் என்றால், வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுத மட்டும். கடைச் சாவி, அதாவது அந்தக் கடவுச்சொல், கிடையாது. ஒரு சாமானின் விலையை மாற்றுவதென்றாலும் என்னிடம் கேட்க வேண்டும். வேலை நேரத்தில் அவளுடைய கேமரா போட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். என் கேமராவைப் போடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் சிக்னல் சரியில்லை என்று காரணம் சொன்னேன். என் முகத்தைப் பிடித்துவைத்து எங்கேயாவது உபயோகித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான காரணம்.

அதோடு விடவில்லை. வேலை செய்பவரின் கணினித் திரையை அடிக்கடி படம் பிடித்து எனக்கு அனுப்புகிற ஒரு மென்பொருளும் உண்டு. மற்றவர்கள் நாடகம் பார்க்கிற நேரத்தில் நான் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரு படம் வந்தது. மேரிசெல் இணையத்தில் எதையோ தேடியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன்: இலங்கையில் இருக்கும் முதலாளி ஏமாற்றுக்காரரா என்று கண்டுபிடிப்பது எப்படி. அதற்குக் கீழே இன்னொன்று: கேமராவைப் போட மறுக்கும் முதலாளிகள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. முன்னறையில் பொதி கட்டிக்கொண்டிருந்த பரீனாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து என்னிடம் வேலைக்கு வருகிற பிள்ளை. கறுவாவைக் கையில் எடுத்தாலே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவாள் என்றெல்லாம் புளுக மாட்டேன். ஆனால் பொதியை இறுக்கிக் கட்டுவாள், நெஞ்சில் பட்டதை ஒளிக்காமல் சொல்வாள். என்னையே சந்தேகப்படுகிறாளே, பார்த்தாயா என்றேன். டேப்பைக் கடித்து அறுத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"அவளுக்கும் பயம் ஈக்கும் தானே அக்கா. நீங்க அவள்ட மொகத்தப் பாத்தீக்கிறீங்க, அவள் ஒங்கட மொகத்தப் பாத்ததே இல்லயே."

டொரொன்டோ நளினி

பரீனா சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் மேரிசெல்லை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நியாயத்துக்கும் சோதனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், என் மூளை அப்படித்தான் வேலை செய்யும். டொரொன்டோவில் இருக்கும் நளினி என்று ஒரு பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்து, வாங்காத பொதியைப் பற்றி முறைப்பாடு எழுதினேன். கறுவா உடைந்து நொறுங்கி வந்திருக்கிறது, பாணி ஒழுகி எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டது என்றேன். ஒரு பொதியை நானே கிழித்து, பாணியை ஊற்றி, மேசையில் வைத்துப் படமும் எடுத்து அனுப்பினேன்.

மேரிசெல் கோபப்படவில்லை, தடுமாறவுமில்லை. மன்னிப்புக் கேட்டாள், பொதி இலக்கத்தைக் கேட்டாள். நளினி விஷயத்தை மாற்றினாள். உன் முதலாளியம்மா சரியான சந்தேகக்காரியாமே, அவளிடம் எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று வாயைக் கிளறினாள். அவர் கவனமானவர் என்று ஒரே ஒரு வரியில் முடித்துக்கொண்டாள் மேரிசெல். எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நளினிக்கு மூடுவிழா நடத்த மறந்துபோனேன்.

கொஞ்ச நேரத்தில் மேரிசெல் எனக்கு, அதாவது மேடத்துக்கு, ஓர் இரகசியத் தகவல் அனுப்பினாள். அந்த நளினி கனடாவில் இல்லை என்று தான் நினைப்பதாகச் சொன்னாள். படத்தில் பொதியில் தபால் முத்திரையே இல்லை. அதைவிட, மேசை ஓரத்தில் அரைவட்டமாக ஒரு கருகல் தெரிகிறது. அதே கருகல் நம் கடைப் படங்களிலும் இருக்கிறது. ஆகவே இதைச் செய்தவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்றாள். கடைசியாக மிகவும் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், உங்கள் வீட்டில் இருப்பவர்களை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

மேடம் உயிரோடு இருக்கிறாரா?

வேறு வழியில்லாமல் நளினி நான்தான் என்று சொல்லிவிட்டேன். இத்தாலிக்குப் போன மேசைக் கதையையும் சொன்னேன். அப்படியானால் சரி என்று மட்டும் எழுதினாள். அவள் சிரித்தாளா கோபித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேமராவில் பார்த்தேன், முகம் அசையவில்லை.

ஆனாலும் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை. நத்தார், அதுதான் கிறிஸ்துமஸ், நெருங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் கேக் போட ஆரம்பிக்கும் காலம். கராம்பும் சாதிக்காயும் பறக்கிற நேரம் அதுதான். நான் சரக்கு வாங்க வத்தேகமவுக்குப் போய்த் திரும்பினேன். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனை எடுக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மெல்பனில் கேக் செய்து விற்கும் ஓர் அம்மா பெரிய ஓர்டர் ஒன்றுக்காகக் காத்திருந்து காத்திருந்து, வேறு கடைக்குப் போய்விட்டார். மொத்தமாக வாங்கினால் விலையைக் குறைக்க முடியுமா என்பதுதான் அவர் கேட்டது. மேரிசெல்லிடம் சாவி இருந்திருந்தால் ஒரு நொடியில் மாற்றிக் கொடுத்திருப்பாள்.

போகும்போது அந்த அம்மா எனக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போனார்: "உங்கள் உதவியாளர் தங்கமானவர், ஆனால் எதைக் கேட்டாலும் மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். மேடம் உயிரோடு இருக்கிறாரா?"

மரியாதையான குரல்

சாவியைக் கொடுத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் இரத்த உறவைத் தாண்டிக் கடைச் சாவியைக் கொடுத்த முதல் ஆள் நான்தான். அதுவும் கடல் தாண்டி. போன் அதிரும்போதெல்லாம் கடை போய்விட்டது என்றே நினைத்தேன். மேரிசெல் ஒழுங்காக வியாபாரம் பார்த்தாள். ஓர்டர்கள் வந்தன, பரீனா பொதி கட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் சீபுவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருடன் கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக வந்தான்.

ஒரு காலை நான் முன்னறையில் பரீனாவோடு பொதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. அது அடித்ததும் என் கணவர் எடுத்திருக்கிறார். கூரியரில் இருந்து பேசுகிறோம், உங்கள் பொதி ஒன்று தடைப்பட்டு நிற்கிறது, இப்போது போனுக்கு ஓர் இலக்கம் வரும், அதைச் சொன்னால் விடுவித்துவிடுவோம் என்றானாம் ஒருவன். இலக்கம் வந்தது. இவர் வாசித்துக் காட்டினார். கூடவே நன்றியும் சொன்னார். அது என் செய்திக் கணக்கை வேறு ஒரு போனில் திறப்பதற்கான இலக்கம். நான் உள்ளே வந்து போனைத் தொட்டபோது என் கணக்கு என் கையில் இல்லை. என் பெயரில், முகத்துக்குப் பதிலாக நான் போட்டிருந்த கறுவாப் படத்தோடு, எவனோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். மேரிசெல்லோடு நான் பேசுவது அந்தக் கணக்கில்தான்.

இவர் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இருப்பவர்களை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று மேரிசெல் கேட்டது எனக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. என்ன ஏது என்று கேட்க வேண்டாமா என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"அந்தத் தம்பி அவ்வளவு மரியாதையாப் பேசுனாரு ராஜி, எப்படி இல்லேன்னு சொல்றது?"

இரண்டு மேடம்

கணினியைத் திறந்து நானே கடவுச்சொல்லை மாற்றுவதற்குள் திருடன் முந்திவிடுவானே என்ற பதற்றத்தில், என் கணவரின் போனை வாங்கி மேரிசெல்லுக்கு எழுதினேன். நான்தான் மேடம், அவசரம், என் கணக்கை யாரோ எடுத்துவிட்டார்கள், கடைச் சாவியை உடனே மாற்றி இந்தப் புது நம்பருக்கு அனுப்பு. இப்போது வாசித்துப் பார்த்தால் அசல் திருடன் எழுதியது மாதிரியே இருக்கிறது. பதில் வந்தது. இன்று காலை எனக்கு இரண்டு மேடம், இருவரும் சாவி கேட்கிறீர்கள், சாவியை மாற்றிவிட்டேன், யாருக்கும் தர மாட்டேன் என்றிருந்தாள். கடைக்குள் போகப் பார்த்தேன். கதவு பூட்டு. வருஷக்கணக்காக நான் கட்டி வைத்த கடை, நான் நேரில் ஒரு நாளும் பார்த்திராத ஒரு பெண்ணின் கையில் இருந்தது. எதற்கு இத்தனை நாளாகப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. பரீனா பொதியைப் போட்டுவிட்டு வந்து, வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினாள்.

மேரிசெல்லை நான் வேலைக்கு எடுத்த இணையத் தளத்தின் வழியாகப் பேசியிருக்கலாமே என்பீர்கள். அதன் கடவுச்சொல்லை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நான் எங்கேயும் எழுதி வைப்பதில்லை, அடிக்கடி மாற்றியும்விடுவேன். அன்று அது எனக்கே ஞாபகத்துக்கு வரவில்லை. நீங்கள் மேடம் என்றால் விளம்பரத்தில் ஒளித்து வைத்த சொல்லைச் சொல்லுங்கள் என்றாள் மேரிசெல். றம்புட்டான் என்றேன். இல்லை என்றாள். வல்லாரை என்றேன். அதுவும் இல்லை. முருங்கையும் இல்லை. அன்று மத்தியானம் கறிக்கென்று வெட்டி வைத்த ஈரப்பலா குசினியில் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அந்தச் சொல் மட்டும் என் வாயில் வரவில்லை. மேசைக் கருகலைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்த மேசையை இத்தாலிவரை திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று மேடமே சொல்லியிருக்கிறார் என்றாள். கேமராவைப் போடுகிறேன், முகத்தைப் பார் என்றேன். மேடத்தின் முகத்தை நான் கண்டதே இல்லை, பார்த்து என்ன பயன் என்று கேட்டாள்.

அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, இவள் யார் என்னைக் கேட்க? எழுதினேன்: நீ மேரிசெல்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? என் கணக்கை எடுத்தவன் உன் கணக்கையும் எடுத்திருக்க மாட்டான் என்று எப்படி நம்புவது? ஒழுங்காக முதலில் உன் கேமராவைப் போடு. அனுப்பிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன் அதிர்ந்தது. காலை வணக்கம் மேடம் என்று இருந்தது. அதற்குக் கீழே புதிய கடவுச்சொல் இருந்தது. கடைக்குள் போனேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, வாங்கியவர்கள் எழுதிய நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பரீனா சிரித்தாள். என்னை எப்படி நம்பினாய் என்று மேரிசெல்லைக் கேட்டேன்.

"அந்த மேடம் எனக்கு, அன்பே, உன்னை நான் முழுவதுமாக நம்புகிறேன் என்று எழுதியிருந்தார். அது நீங்கள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்."

தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கைரேகை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தத் தொழிலில் நான் நான்தான் என்பதற்கு எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அத்தாட்சி என் சந்தேகப் புத்திதான்.